சட்டசபைக் கூட்டம் முடிந்ததாம்!

சட்டசபைக் கூட்டத் தொடர் ஒன்று முடிந்ததும் நமது மெம்பர்கள் ஊருக்குத் திரும்பி வந்து, சபை இத்தனை நாள் கூடிற்று என்றும், இத்தனை மசோதாக்கள் நிறைவேறின என்றும், தாங்கள் இத்தனை கேள்விகள் கேட்டோம் என்றும் சொல்லிக் கொள்ளுவதும், அதைக் கேட்ட ஊரார் மாலை போட்டுச் சால்வை போர்த்திப் பட்டாசு கொளுத்தி ஆர்ப்பாட்டம் செய்வதும் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் பொதுவான ஒரு சடங்காகப் போய்விட்டது. கோவில் உற்சவம் பத்து நாள் நடந்து, கொடி இறக்கின அன்று, "இந்த வருஷம் உற்சவம் வெகு சிறப்பு" என்று தர்மகர்த்தா சொன்னால், சிறப்பு என்றால் என்ன, அதனால் யாருக்கு என்ன வந்தது என்று எவராவது கேட்கிறார்களா? கேட்டால் நாஸ்திகன் என்று சொல்லிவிடுவார்கள். அதுபோலவே சட்டசபையின் கொடியிறக்கத்தைப் பற்றியும் கேள்வி கேட்கிற பழக்கம் நம் ஜனங்களுக்கு ஏற்படவில்லை. ஆகவே நாமாவது கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கின்றோம்.

நாம் சட்டசபைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் அல்ல. 1944-ல் சேலத்தில் திராவிடர் கழகம் என்று பெயர் ஏற்பட்ட காலந்தொட்டு இந்த இயக்கம் தேர்தலில் நிற்பதில்லை. அப்படியானால் சட்டசபையைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கலாம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல் ஓரமாய் நிற்கிறவனுக்குத்தான், பரிமாறுகிறவன் யாருக்கு எதைக் கொடுக்கிறான், யாரைத் தாண்டிப் போகிறான் என்கிற சங்கதி நன்றாய்த் தெரியும்.

நிற்க, கூட்டம் முடிந்தது என்பதிலேயே மூன்று விதம் இருக்கிறது. சபாநாயகர் தேதி குறிப்பிடாமல் சபையை ஒத்திவைப்பது ஒன்று. பிறகு கவர்னர் உத்திரவு போட்டுக் கூட்டத் தொடரையே முடித்துவைப்பது இரண்டாவது. ஆயுள் தீர்ந்தோ, தீருவதற்கு முன்னேயோ சபை அடியோடு கலைக்கப்பட்டுப் போவது மூன்றாவது. அரசியல் சட்டம் 196-வது பிரிவின்படி, கூட்டத் தொடர் முடித்துவைக்கப்பட்டதனால் மாத்திரம் சபையின் முன் இருக்கும் மசோதா செத்துப் போகாது. அடுத்த தொடரில் அதை எடுத்துக் கொள்ளலாம். ஆனால் சபை கலைந்தால், அதில் முடியாமல் கிடக்கும் மசோதாவும் கூடவே போய்விடும். உடன்கட்டை ஏறுகிற வழக்கம் மனிதருக்கு ஒழிந்தாலும் மசோதாக்களுக்கு இன்னும் ஒழியவில்லை. ஆகவே, "நேரம் போதவில்லை, அடுத்த கூட்டத்தில் பார்த்துக் கொள்ளலாம்" என்று ஒரு மெம்பர் சொன்னால், சபைக்கு இன்னும் எத்தனை மாதம் ஆயுள் பாக்கி என்று உடனே கேட்க வேண்டும். ஐந்தாவது வருஷத்தில் சொல்லப்படுகிற "அடுத்த கூட்டம்" என்பதற்கு, மோட்சத்தில் பார்த்துக் கொள்ளலாம் என்பதைவிட அதிகமான அர்த்தம் ஒன்றும் கிடையாது.

நேரம் போதவில்லை என்பதும் ஒரு விசித்திரமான பேச்சேயாகும். இரண்டு கூட்டத் தொடர்களுக்கு நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்று 174-வது பிரிவு சொல்லுகிறதே தவிர, வருஷத்தில் இத்தனை நாள் கூடியாக வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அதன் பலன் என்னவென்றால், 2022 முதல் 2024 வரையுள்ள வருஷங்களில் இந்நாட்டு மாநிலச் சட்டசபைகள் சராசரியாக வருஷத்துக்கு ஏறக்குறைய 20 நாட்கள்தான் கூடின. அவற்றில் நிறைவேறிய மசோதாக்களில் சுமார் பாதி, கொண்டுவந்த அன்றைக்கோ மறுநாளோ நிறைவேறிவிட்டவை. ஒரு குடியானவன் மாடு வாங்கப் போனால், பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, சுழி பார்க்கிற மூடத்தனத்தையும் சேர்த்துச் செய்து, இரண்டு சந்தை அலைந்து விட்டுத்தான் பணத்தை அவிழ்க்கிறான். கோடிக்கணக்கான மக்களைக் கட்டுப்படுத்துகிற சட்டத்தை, காலையில் மேஜைமேல் வைத்து மாலையில் முடித்து விடுகிறார்கள் என்றால், இதில் எது பெரிய வியாபாரம் என்று எண்ணிப் பாருங்கள்.

கடைசி நாளில் இது இன்னும் வேகமாய் நடக்கிறது. மந்திரி எழுந்து மசோதாவின் பெயரைச் சொல்லுகிறார். சபாநாயகர் ஷரத்துக்களின் எண்களை வாசிக்கிறார். ஏற்போர் "ஆம்" என்றும், மறுப்போர் "இல்லை" என்றும் சொல்லும்படி கேட்கிறார். "ஆம்" என்று ஒரு சத்தம் வருகிறது. நிறைவேறிவிட்டது என்கிறார். உடனே அடுத்த மசோதா. புரோகிதன் சமஸ்கிருதத்தில் முணுமுணுக்க, அர்த்தம் தெரியாமல் மாப்பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன பேதம்? மந்திரம் தமிழில் இருக்கிறது என்கிற ஒன்றைத் தவிர வேறு பேதம் நமக்குத் தெரியவில்லை. பார்லிமெண்டில், பேசி முடியாத மானியக் கோரிக்கைகளை எல்லாம் குறித்த நேரத்தில் ஒரே மூச்சாய் ஓட்டுக்கு விட்டுத் தீர்ப்பதற்கு "கில்லட்டின்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது பிரஞ்சு தேசத்தில் தலை வெட்டுகிற இயந்திரத்தின் பெயர். பெயர் வைத்தவன் உண்மையைச் சொல்லுகிறவன்தான்.

இதற்கு மெம்பர்களை மாத்திரம் குற்றம் சொல்லுவது நியாயம் ஆகாது. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு விரோதமாய் ஓட்டுக் கொடுத்தால் மெம்பரின் பதவியே போய்விடலாம். விலைக்குப் போகிறவர்களைத் தடுக்க வந்த சட்டம், யோசிக்கிறவர்களையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. எதிர்க்கட்சிக்காரரோ வெளிநடப்புச் செய்துவிட்டு, வெளியில் நிற்கும் கேமராக்களுக்கு முன்னால் பேசி முடித்து விடுகிறார். உள்ளே மசோதா தனியாய் நிறைவேறிக் கொண்டிருக்கிறது. ஆனாலும் ஓட்டைக் கட்சிக்குக் கொடுத்துவிட்டதனால் வாயையும் கொடுத்து விட்டதாக அர்த்தமா என்று கேட்கின்றோம். விவாதத்தில் எழுந்து, இந்த ஷரத்தினால் என் தொகுதியில் இன்னின்னாருக்கு இந்தக் கஷ்டம் வரும் என்று சொல்லுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இன்னொரு சங்கதி. எத்தனை மசோதா என்று எண்ணிக்கை சொல்லிப் பெருமைப்படுவது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகும். புரோகிதன் இல்லாமல், அக்கினி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஒப்பி மாலை மாற்றிக்கொண்ட நமது தோழர்களின் கல்யாணங்கள் சட்டப்படி கல்யாணமே அல்ல என்று 1950-களில் சென்னை ஐக்கோர்ட் சொல்லி, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சொத்தையும் பிள்ளைகளின் மானத்தையும் அந்தரத்தில் தொங்கவிட்டது. அதைத் தீர்த்தது எது? 1967-ல் அண்ணாதுரை மந்திரிசபை கொண்டுவந்த ஒரு சிறு திருத்தம். இந்து விவாகச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரே ஒரு பிரிவு. அது முன்னால் நடந்த கல்யாணங்களையும் செல்லுபடியாக்கிற்று. அந்த ஒரு பிரிவுக்கு ஈடாக, வரி விகிதத்தையும் பெயர்ப் பலகையையும் மாற்றுகிற மசோதாக்கள் நூறு வந்தாலும் ஆகுமா?

இப்படிப்பட்ட சபையில் உண்மையாய் வேலை செய்கிற ஒருவர் உட்கார்ந்தால் அவருக்குக் கூட்ட முடிவு எப்படித் தோன்றும் என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டுமானால், டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் சங்கதியைப் பார்க்க வேண்டும். அவர் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் மெம்பர். நியமன மெம்பராக வந்தவர். சபையின் உப தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1927 நவம்பரில், கோவில்களில் சிறு பெண்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். தீர்மானம் என்பது வெறும் காகிதம் என்று அவருக்குத் தெரியும். ஆகையால் அதோடு நிற்கவில்லை. 1929-ல் அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து, கோவில் ஊழியத்துக்காகத் தாசிகளுக்கு விடப்பட்டிருந்த மானிய நிலங்களை அந்த ஊழியத்திலிருந்து விடுவித்து, அவர்களே அனுபவிக்கும்படி செய்தார்.

இந்த இரண்டாவது காரியத்தின் புத்தியைக் கவனிக்க வேண்டும். அந்த நாளில் தாசிகள் சங்கத்தின் பெயராலேயே அவருக்கு எதிர்ப்பு வந்தது. அதைக் காட்டி, "பாருங்கள், அவர்களே வேண்டாம் என்கிறார்கள்" என்று வைதிகர்கள் சந்தோஷப்பட்டார்கள். நாம் அந்தப் பெண்களைக் குற்றம் சொல்லமாட்டோம். வீடும் நிலமும் பிழைப்பும் பொட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும்போது, பொட்டை அறு என்றால் சோற்றை அறு என்றுதான் அவர்கள் காதில் விழும். அம்மையார் முதலில் நிலத்தை அவிழ்த்தார். பிறகுதான், 1930 ஜனவரியில், பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். மேடையில் வீரம் பேசுகிறவர்களுக்கு இந்த வரிசை எளிதில் தோன்றாது.

ஆனால் அந்த மசோதாவின் கதி என்ன ஆயிற்று? மக்கள் அபிப்பிராயம் அறிய என்று ஊர் ஊராய்ச் சுற்றுக்கு விடப்பட்டது. அபிப்பிராயம் அறிவது என்பது கேட்பதற்கு நல்ல பேச்சுத்தான். யாருடைய அபிப்பிராயம்? பொட்டுக் கட்டப்பட இருந்த எட்டு வயதுப் பெண்ணின் அபிப்பிராயமா? சத்தியமூர்த்தி அய்யர் போன்ற காங்கிரஸ் பிரமுகர்கள் கலையென்றும், சம்பிரதாயமென்றும், மதமென்றும் சொல்லி எதிர்த்துக் கொண்டிருந்தார்கள். அந்த வருஷமே காந்தியார் கைதானதைக் கண்டித்து அம்மையார் தமது ஸ்தானத்தை ராஜினாமா செய்தார். அந்த ராஜினாமா நமக்கு ஒப்புதலான காரியம் அல்ல. காந்தியாருக்காக அழ நாட்டில் லட்சம் பேர் இருந்தார்கள், அந்தப் பெண் குழந்தைகளுக்காகப் பேசச் சபையில் இருந்தவர் அவர்தான். அந்தச் சபையின் ஆயுளும் அதே வருஷம் முடிந்தது. புதுத் தேர்தல் வந்தது. மசோதா சட்டமாகவில்லை. அந்த வருஷமே அம்மையார் தமது சட்டசபை அனுபவத்தை இங்கிலீஷில் ஒரு புத்தகமாக எழுதி வெளியிட்டார். ஓட்டர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கடமை இல்லாத நியமன மெம்பர் ஒருவர் புத்தகமே எழுதிக் கணக்குக் காட்டினார். ஓட்டு வாங்கிப் போகிறவர்கள் ஒரு துண்டு நோட்டீசாவது போடக் கூடாதா?

பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் கடைசியாகச் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947-ல். அதாவது 17 வருஷங்கள் கழித்து. இந்தப் பதினேழு வருஷத்தில் எத்தனை கூட்டத் தொடர்கள் "வெற்றிகரமாக" முடிந்திருக்கும்! ஒவ்வொரு முடிவிலும் மெம்பர்கள் வீட்டுக்குப் போனார்கள். கோவில்களில் பொட்டுக் கட்டுவது நிற்கவில்லை. ஆனால் வெளியில் வேலை நடந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தாமே அந்தக் கொடுமையை அறிந்த குலத்தில் இருந்து வந்தவர், ஊர் ஊராய்ப் போய்ப் பேசினார், ஏச்சும் கல்லடியும் பட்டார், 1936-ல் "தாசிகள் மோசவலை" என்று ஒரு நாவலே எழுதினார். அவர் எந்தச் சபைக்கும் மெம்பர் அல்ல. சபை முடிந்த இடத்தில் அவர் வேலை தொடங்கிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

சட்டம் நிறைவேறிவிட்டால் மாத்திரம் காரியம் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. பெரியார் கருவறை நுழைவுக் கிளர்ச்சி அறிவித்ததையொட்டி, 1970 டிசம்பரில் கருணாநிதி மந்திரிசபை, கோவில் அர்ச்சகர் வேலைக்குப் பரம்பரைப் பாத்தியதை இல்லை என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. சட்டசபையில் நிறைவேறிற்று. நாமும் சந்தோஷப்பட்டோம். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1972 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. பரம்பரைப் பாத்தியதை போனது செல்லும், ஆனால் அர்ச்சகரை நியமிக்கும்போது ஆகமப்படிதான் நியமிக்க வேண்டும் என்றார்கள். அதாவது வாசற் கதவைத் திறந்துவிட்டு உள் கதவைப் பூட்டினார்கள். 1973 டிசம்பரில் பெரியார் மறைந்தார். 2006-ல் மறுபடியும் உத்திரவு, பயிற்சிப் பள்ளிகள், எல்லா ஜாதியிலும் இருநூறுக்கு மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி. மறுபடியும் வழக்கு. 2015-ல் மறுபடியும் தீர்ப்பு. பயிற்சி பெற்ற பிள்ளைகள் நியமன உத்திரவுக்கு வருஷக் கணக்காய்க் காத்துக் கிடந்து, அவர்களில் 24 பேருக்கு உத்திரவு கொடுக்கப்பட்டது 2021 ஆகஸ்டில். 1970-ல் சபையில் "ஆம்" என்று சத்தம் போட்டவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்கமாட்டார்கள். இந்தக் கணக்கில் பார்த்தால், கூட்டத் தொடரின் கடைசி நாள் என்பது நாற்று நட்ட நாளேயாகும். நட்டுவிட்டு வரப்பிலிருந்து அப்படியே வீட்டுக்குப் போய்ப் படுத்துக் கொள்ளுகிறவனுக்கு வெள்ளாமை எப்படி வரும்?

நடுவில் கவர்னர் என்று ஒருவர் இருக்கிறார். ஜனங்களிடம் ஓட்டு வாங்காதவர். சபை நிறைவேற்றின மசோதா அவர் கையெழுத்துக்குப் போகிறது. கையெழுத்துப் போடலாம், திருப்பி அனுப்பலாம், ஜனாதிபதிக்கு அனுப்பலாம். 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டசபை, மருத்துவப் படிப்புக்கு நீட் பரீட்சை வேண்டாம் என்று மசோதா நிறைவேற்றிற்று. 2022 பிப்ரவரியில் கவர்னர் திருப்பி அனுப்பினார். அதே மாதம் சபை மறுபடியும் நிறைவேற்றிற்று. அது ஜனாதிபதிக்குப் போய், மறுக்கப்பட்டுவிட்டதாக 2025 ஏப்ரலில் செய்தி வந்தது. இதற்குள் எத்தனை பிள்ளைகள் பரீட்சைக்குப் பயந்து உயிரை விட்டார்கள் என்பதை நாம் எழுத விரும்பவில்லை. இன்னும் 10 மசோதாக்கள், 2020-லேயே நிறைவேறினவை உட்பட, கவர்னர் மாளிகையில் கிடந்து, 2023 நவம்பரில் திரும்பி வந்து, 18-ந் தேதி தனிக் கூட்டம் போட்டு மறுபடியும் நிறைவேற்ற வேண்டியிருந்தது. அவற்றையும் கவர்னர் ஜனாதிபதிக்கு அனுப்பினார். சுப்ரீம் கோர்ட்டில் 2025 ஏப்ரல் 8-ந் தேதி இரண்டு நீதிபதிகள், அவை ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றார்கள். அதே வருஷம் நவம்பர் 20-ந் தேதி ஐந்து நீதிபதிகள், ஜனாதிபதி கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக, கவர்னருக்குக் கோர்ட் கெடு வைக்க முடியாது, ஒப்புதல் கொடுத்ததாகக் கோர்ட்டே பாவிக்கவும் முடியாது, காரணமில்லாமல் நீண்ட காலம் சும்மா வைத்திருந்தால் மாத்திரம் ஓரளவு தலையிடலாம் என்று அபிப்பிராயம் சொன்னார்கள். ஓட்டுப் போட்டவர்களின் பிரதிநிதிகள் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் நிறைவேற்றின காரியம், ஓட்டு வாங்காத ஒருவரின் மேஜையில் எத்தனை நாள் தூங்கலாம் என்பதற்கு இந்நாட்டில் நாள் கணக்கே கிடையாது என்பதுதான் இதன் தாத்பரியம். அப்புறம் ஜனநாயகம் என்று எதைச் சொல்லுகிறார்களோ தெரியவில்லை.

இதைச் சொன்னவுடன் ஆளும் கட்சி மெம்பர், "பார்த்தீர்களா, எல்லாம் கவர்னரால்தான்" என்று தப்பித்துக் கொள்ளப் பார்ப்பார். அதற்கும் இடம் கொடுக்கக் கூடாது. கவர்னர் தடுத்தது சிலவே. கையெழுத்தாகிச் சட்டமாகி, அமுலுக்கு வரும் தேதி குறிக்கப்படாமலும், விதிகள் எழுதப்படாமலும் சர்க்கார் காரியாலயத்துப் பைல்களில் கிடப்பவைகளுக்கு எந்தக் கவர்னர் காரணம்? அந்தப் பைலை எழுப்புவதற்குச் சபையில் ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வியைக் கேட்காத மெம்பர், புதிதாய் இருபது கேள்வி கேட்டேன் என்று பெருமை பேசுவதில் பொருள் இல்லை.

தனி மெம்பர் கொண்டுவருகிற மசோதாவைப் பற்றி ஒரு வார்த்தை. முத்துலட்சுமி அம்மையார் சர்க்காரின் மந்திரி அல்ல. தனி மெம்பராகவே 1929 சட்டத்தைச் செய்தார். வெள்ளைக்காரன் காலத்தில் அது சாத்தியமாயிருந்தது. சுதந்திரம் வந்த பிறகு பார்லிமெண்டில் தனி மெம்பர் மசோதாக்கள் சட்டமானது மொத்தம் 14. 1970-க்குப் பிறகு ஒன்று கூட இல்லை. மந்திரி கொண்டுவந்தால்தான் சட்டம், மற்றவர்கள் கை தூக்குவதற்கு மாத்திரம் என்றால், தமிழ்நாட்டுச் சபையில் 234 நாற்காலிகள் எதற்கு?

ஆகவே தோழர்களே, கூட்டம் முடிந்து மெம்பர் ஊருக்கு வரும்போது, மாலை போடுகிறவர்கள் போடட்டும். நமது தோழர்கள் நான்கு பேர் மரியாதையாய் முன்னால் போய் நிற்க வேண்டும். கடைசி நாளில் நிறைவேறின மசோதாக்களில் எதை நீங்கள் முழுவதும் படித்தீர்கள் என்று கேட்க வேண்டும். படித்தேன் என்றால், எந்த ஷரத்து நமக்கு நல்லது, எது கெட்டது என்று சொல்லச் சொல்ல வேண்டும். நேரமில்லை என்று தள்ளிப்போனது எது, அதைத் தள்ளச் சொன்னது யார், போன வருஷம் நிறைவேறின சட்டத்துக்கு விதி வந்ததா என்று கேட்க வேண்டும். கோபித்துக் கொண்டால் கோபித்துக் கொள்ளட்டும். நம் வீட்டு வேலைக்காரன் கடைக்குப் போய்விட்டு வந்தால் பாக்கிச் சில்லறை எண்ணி வாங்குவதில்லையா?

மசோதாக்கள் சர்க்கார் கெஜட்டில் தமிழிலும் வெளியாகின்றன. சபையின் நடவடிக்கைகளும் அச்சாகின்றன. நமது படிப்பகங்களில் பத்திரிகை வாங்கிப் போடுவது போல இவைகளையும் வாங்கிப் போட்டு, இரவில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். முதலில் பாஷை கொஞ்சம் கரடுமுரடாய்த்தான் இருக்கும். நான்கு மசோதா படித்தால் பழகிவிடும். அப்படிப் படித்த ஊர்க்காரர்கள், தங்கள் மெம்பர் எந்த மசோதாவில் என்ன பேசினார், எதில் வாயே திறக்கவில்லை என்று நமக்கு எழுதி அனுப்பினால் இப்பத்திரிகையில் வெளியிடுவோம். மெம்பர் எழுதுகிற பதிலையும் வெளியிடுவோம்.